ப்ரோக்ரெசிவ் பிரஸ்ஸுக்கு டை வாங்கும் முன்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸில் நாங்கள் போகும் துப்பாக்கிச் சுடுதளத்தில் தமிழ் பேசுகிறவர்கள் ஐந்தாறு பேர் உண்டு. தோட்டா விலை ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவர் ரீலோடிங் (சுட்ட பித்தளைக் கேஸில் புதிதாக வெடிமருந்துப் பவுடரும் புல்லட்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா செய்வது) பக்கம் வருவார். வந்த இரண்டாம் வாரமே ஒரு டை செட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இது என் பிரஸ்ஸில் போகுமா?" என்று கேட்பார். ஒரே பதிலைப் பல பேருக்குத் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே எழுதிவிட்டேன்.

பிரஸ் என்பது அந்த வேலைக்கான கைப்பிடி இயந்திரம்; சிங்கிள் ஸ்டேஜில் ஒரு நேரத்தில் ஒரு டைதான், ப்ரோக்ரெசிவில் பல டைகள் ஒரே இழுப்பில் வேலை செய்யும். இது டைகளைப் பற்றி மட்டும்தான். எந்தப் பவுடர், எவ்வளவு, தோட்டாவின் மொத்த நீளம் என்ன என்பதெல்லாம் அச்சிட்ட லோடிங் கையேட்டில் பார்க்க வேண்டியவை. என்னிடமோ வேறு நண்பரிடமோ வாய்மொழியாகக் கேட்டுக்கொள்ளாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிரஸ் முன்னால் உட்காரவும் வேண்டாம்.

அண்ணா, டைன்னா என்ன? பிரஸ் வாங்கினா கூடவே வராதா?

டை என்பது தடித்த எஃகுக் குழாய். வெளியே மரை, உள்ளே அந்தந்தத் தோட்டாவுக்கான வடிவம். சுட்டு முடித்த பித்தளைக் கேஸ் அழுத்தத்தில் உப்பியிருக்கும். முதல் டை அதைப் பழைய அளவுக்கு இறுக்கும். அதன் நடுவில் உள்ள ஊசி எரிந்துபோன பிரைமரை (பவுடருக்குத் தீ மூட்டும் சிறு மூடி) கீழே தள்ளும். இது சைஸிங் டை. அடுத்தது கேஸின் வாயை லேசாக விரிக்கும். அப்புறம் புல்லட்டை உட்கார வைக்க ஒன்று (சீட்டிங்), விரித்த வாயைத் திரும்ப மூடி இறுக்க ஒன்று. இந்தக் கடைசி வேலைக்குக் கிரிம்ப் என்று பெயர்.

கூட வருமா என்பது பிரஸ்ஸைப் பொறுத்தது. லீ ப்ரோ 1000, டில்லன் ஸ்கொயர் டீல் போன்றவற்றை ஒரு காலிபருக்கான (தோட்டா அளவுக்கான) டைகளோடு சேர்த்தே விற்பார்கள். பெரிய பிரஸ்களுக்குப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

எந்தக் கம்பெனி டையும் எந்தப் பிரஸ்ஸிலும் போகும்னு சொல்றாங்களே, உண்மையா?

முக்கால்வாசி உண்மை. ஆர்சிபிஎஸ், லீ, ஹார்னடி, ரெடிங், லைமன், டில்லன் எல்லாருமே 7/8-14 என்ற ஒரே மரையில் டை செய்கிறார்கள். எட்டில் ஏழு அங்குலக் குறுக்களவு, அங்குலத்துக்கு 14 மரை என்று பொருள். மில்லிமீட்டரில் சுமார் 22.2. டில்லன் 550, 650, 750, 1050, 1100, ஹார்னடி லாக்-என்-லோட், லீயின் பிரஸ்கள், ஆர்சிபிஎஸ் ப்ரோ சக்கர் எல்லாம் இந்த மரையை ஏற்கும்.

விதிவிலக்கில் முக்கியமானது டில்லன் ஸ்கொயர் டீல் பி. அதற்கென்றே செய்த சிறிய டைகள்தான் அதில் போகும். கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் மட்டும்தான். பழைய பிரஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிட்டு, வீட்டில் இருக்கும் ரெடிங் செட்டோடு முழித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம், .50 பிஎம்ஜி போன்ற ராட்சதத் தோட்டாக்களுக்கு 7/8 போதாது. அவற்றுக்கு மரையும் பெரிது, பிரஸ்ஸும் வேறு.

ஆனால் மரை ஏறிவிட்டது என்பதால் வேலை நடந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. டையின் வாய் எப்படி வளைந்திருக்கிறது, டை எவ்வளவு நீளம், லாக் ரிங் (டையை உயரம் மாறாமல் இறுக்கும் வளையம்) எவ்வளவு அகலம், உங்கள் பிரஸ்ஸில் எத்தனை இடம் என்று பிறகு நான்கு கேள்விகள் வரும். என்னிடம் வரும் போட்டோக்களில் பாதி இந்த நான்கில் மாட்டிக்கொண்டவைதான்.

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸுக்கு வாங்கின பழைய டை இருக்கு. அதையே போட்டுக்கலாமா?

போடலாம். ஆனால் சைஸிங் டையின் வாயைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சிங்கிள் ஸ்டேஜில் ஒவ்வொரு கேஸையும் நீங்களே நேராக வைத்து, கண்ணால் பார்த்து மேலே ஏற்றுகிறீர்கள். ப்ரோக்ரெசிவில் கேஸ்களைப் பிடித்திருக்கும் ஷெல் பிளேட் சுற்றிக்கொண்டே இருக்கும். கேஸ் ஒரு மயிரிழை சாய்ந்து வரும். டையின் வாய் அகலமாகச் சரிந்திருந்தால் அது கேஸைத் தானே உள்ளே வழிநடத்தும். கூர்மையான விளிம்பாக இருந்தால் கேஸின் வாய் அதில் முட்டி நசுங்கும்.

டில்லன் டைகளின் வாய் இதற்காகவே அகலமாகக் கடையப்பட்டது. ரெடிங்கும் ப்ரோ சீரிஸ் என்ற பெயரில் ப்ரோக்ரெசிவுக்கென்று அகல வாய் டை விற்கிறது. உங்கள் பழைய டையில் 100 கேஸ் ஓட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நசுங்கினால் சைஸிங் டையை மட்டும் மாற்றினால் போதும், முழு செட்டையும் தூக்கிப் போட வேண்டாம்.

என் பிரஸ்ஸில் எத்தனை டை போடலாம்?

டை ஓட்டையை எண்ணினால் தெரியும், ஆனால் எல்லா ஓட்டையும் உங்களுக்குச் சொந்தம் இல்லை. லீ ப்ரோ 1000-இல் மூன்று. டில்லன் 550-இலும் லீ ப்ரோ 4000-இலும் நான்கு. டில்லன் 650, 750, ஹார்னடி லாக்-என்-லோட் இவற்றில் ஐந்து. லீ சிக்ஸ் பேக்கில் ஆறு. ப்ரோ சக்கர் ஐந்திலும் வரும், ஏழிலும் வரும். ஃப்ராங்க்ஃபோர்ட் எக்ஸ்-10 என்றால் பெயரிலேயே பத்து.

டில்லன் 1050, 1100 இரண்டிலும் எட்டு ஸ்டேஷன் (கேஸ் நின்று போகும் இடம்) என்பார்கள். அதில் ஒன்று கேஸ் வந்து விழும் இடம், ஒன்று பிரைமர் ஏற்றும் இடம், இன்னொன்று பிரைமர் குழியின் விளிம்பைச் சீர்செய்யும் இடம். மிச்சம் ஐந்துதான் சைஸிங், பவுடர், சோதனை, புல்லட், கிரிம்ப் என்று போகிறது. எட்டு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு எட்டு டை வாங்கி வைக்காதீர்கள்.

டில்லன் 9 எம்எம் செட் வாங்கினேன். மூணு டைதான் இருக்கு. வாய் விரிக்கிற டையை வைக்க மறந்துட்டாங்களா?

மறக்கவில்லை. டில்லனில் வாய் விரிக்கும் வேலையைப் பவுடர் கொட்டும் இடத்திலேயே முடித்துவிடுவார்கள். பவுடரை அளந்து கொட்டும் பவுடர் மெஷருக்கு அடியில், பவுடர் டைக்குள், ஃபனல் என்ற ஒரு துண்டு இருக்கும். கேஸ் மேலே ஏறும்போது அந்த ஃபனலின் முனை வாயை விரிக்கும். அதே ஃபனலின் நடுத்துளை வழியாகப் பவுடர் இறங்கும். அதனால் செட்டில் சைஸிங், சீட்டிங், கிரிம்ப் என்று மூன்றே போதும். ஃபனல் காலிபருக்குக் காலிபர் மாறும். அது டை செட்டோடு வராது, கன்வெர்ஷன் கிட்டில் (காலிபர் மாற்றும்போது வேண்டிய பாகங்களின் பெட்டி) வரும். புதியவர்கள் அடிக்கடி தவறவிடும் பொருள் இதுதான்.

லீ இதையே வேறு மாதிரி செய்கிறது. அவர்களுடைய கைத்துப்பாக்கி செட்டில் வரும் விரிக்கும் டையே உள்ளே துளை உள்ளது. மேலே லீயின் பவுடர் மெஷரைத் திருகிவிடலாம். ஆக, டில்லன் பிரஸ்ஸில் லீ செட் போட்டால் அந்த விரிக்கும் டை கையில் மிச்சமாகும். லீ பிரஸ்ஸில் டில்லன் செட் போட்டால் விரிக்கும் டை இல்லாமல் போகும், அதைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டாவது வழி கொஞ்சம் வீண்செலவு.

லீ டை டில்லனில் குட்டையா இருக்கு, லாக் ரிங் மரையில் பிடிக்கவே மாட்டேங்குது. தப்பான செட்டா?

சரியான செட்தான். டில்லனின் டூல் ஹெட் (டைகளைத் திருகும் மேல்தட்டு) தடிமன் அதிகம், லீ டைகள் மற்றவற்றைவிடக் குட்டை. சரியான உயரத்துக்கு இறக்கியபின் மேலே லாக் ரிங்குக்கு ஒன்றிரண்டு மரைதான் மிஞ்சும். லீயின் ரிங் ரப்பர் வளையத்தோடு வருவது வேறு, அது இன்னும் இடத்தைத் தின்னும்.

இரண்டு வழி உண்டு. மெல்லிய லாக் ரிங் வாங்கிப் போடலாம். இல்லையென்றால் ரிங்கை டூல் ஹெட்டுக்கு அடிப்பக்கமாகப் போட்டு இறுக்கலாம். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பல வருஷமாக ஆட்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். என் .45 செட்டில் ஒரு டை அப்படித் தலைகீழாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்துப் பக்கத்து லாக் ரிங் ஒண்ணையொண்ணு இடிக்குது. சுத்தியல் எடுக்கலாமா?

வேண்டாம். ஐந்து ஸ்டேஷன் டூல் ஹெட்களில் ஓட்டைகள் நெருக்கமாக இருக்கும். அகலமான வட்ட ரிங் இரண்டு பக்கத்தில் வந்தால் இடிக்கும். பவுடர் மெஷரின் உடல் பக்கத்தில் வந்தாலும் இடிக்கும். டில்லன் டைகளோடு வரும் அறுகோண ரிங்குகள் சிறியவை, ஆகவே அந்தச் சிக்கல் வராது. அவை தனியாகவும் கிடைக்கும். டையை மாற்றாமல் ரிங்கை மட்டும் மாற்றுங்கள். சில டாலரில் முடிந்துவிடும் வேலை.

கார்பைடு டை கட்டாயமா? விலை அதிகமா இருக்கே.

9 எம்எம், .40, .45 ஏசிபி, .38 மாதிரியான கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு ப்ரோக்ரெசிவில் ஆம், கட்டாயம் என்றே சொல்வேன். சாதாரண எஃகு டையில் ஒவ்வொரு கேஸுக்கும் மசகு தடவ வேண்டும், கடைசியில் துடைக்கவும் வேண்டும். மணிக்குச் சில நூறு தோட்டா செய்யலாம் என்றுதானே இந்தப் பிரஸ்ஸை வாங்கினீர்கள்? கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) வளையம் உள்ள டையில் மசகு இல்லாமலே ஓடும். இருந்தாலும் லேசாக ஒரு தெளிப்பு தெளித்தால் கைப்பிடி இன்னும் சுலபமாக இறங்கும். என் தோள்பட்டைக்காக நான் தெளிக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. கார்பைடு கடினமானது, ஆனால் கண்ணாடி மாதிரி உடையக்கூடியது. ஷெல் பிளேட் அதில் ஓங்கி மோதும்படி டையை இறக்காதீர்கள். மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளி விட்டால் போதும்.

கழுத்து குறுகிய ரைஃபிள் கேஸ்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. கார்பைடு ரைஃபிள் டை வாங்கினாலும் மசகு தடவித்தான் ஆக வேண்டும். நான் ஒருமுறை .223 கேஸ் ஒன்றுக்குத் தடவ மறந்தேன். கேஸ் டைக்குள் இறுகி, கீழே இழுத்தபோது அடி விளிம்பு மட்டும் பிய்ந்து வந்தது. உள்ளே மாட்டியதைத் துளையிட்டு, மரை போட்டு, போல்ட்டால் இழுத்து எடுக்க ஒரு சனிக்கிழமை போயிற்று.

டை மாத்தினா ஷெல் பிளேட்டும் மாத்தணுமா? நம்பர் எல்லாம் ஒண்ணுதானே?

ஷெல் பிளேட் கேஸின் அடி விளிம்பைப் பிடிக்கிற தட்டு. விளிம்பு அளவு மாறினால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். .308, .30-06, .45 ஏசிபி மூன்றுக்கும் ஒரே பிளேட். உருவத்தில் அவ்வளவு வித்தியாசம் இருந்தும் விளிம்பு கிட்டத்தட்ட ஒன்று. அதேபோல .223-இன் பிளேட்டில் .300 பிளாக்அவுட்டும் போகும், ஏனென்றால் அந்தக் கேஸே .223-ஐ வெட்டிச் செய்வதுதான். டை மட்டும் வேறு.

நம்பர் ஒன்றல்ல. இப்போது சொன்ன .45 ஏசிபி விளிம்புக்கு டில்லனிலும் ஹார்னடியிலும் 1, லீயில் 2, ஆர்சிபிஎஸ்ஸில் 3. ஒரு கம்பெனியின் நம்பரை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனியில் ஆர்டர் போடுவது பொதுவான தவறு. பிளேட்டும் கம்பெனி மாறினால் போகாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே டில்லன் 550-இன் பிளேட் 650-இல் போகாது. 650-இனுடையது 750-இல் போகும், டூல் ஹெட்டும் சேர்த்து. டை மட்டும்தான் எல்லாருக்கும் பொது.

.38 ஸ்பெஷலுக்கும் .357 மேக்னத்துக்கும் தனித்தனியா வாங்கணுமா?

வேண்டாம், ஒரே செட். கேஸின் குறுக்களவு ஒன்று, நீளம்தான் வேறு. .38 ஸ்பெஷல் 1.155 அங்குலம், .357 மேக்னம் 1.290. சைஸிங் டையைத் தொட வேண்டாம். வாய் விரிப்பது, புல்லட் உட்கார வைப்பது, கிரிம்ப் ஆகிய மூன்றையும் அந்த வித்தியாசத்துக்கு, அதாவது சுமார் 3.4 மில்லிமீட்டருக்கு, ஏற்றியோ இறக்கியோ வைக்க வேண்டும். அடிக்கடி மாற்றுகிறவர்கள் அந்தத் தடிமனுக்கு ஒரு வாஷரை ரிங்குக்கு அடியில் போட்டுக்கொள்வார்கள். .44 ஸ்பெஷலும் .44 மேக்னமும் இதே கதை. .40 எஸ் அண்ட் டபிள்யூவும் 10 எம்எம்மும் கூட அப்படித்தான், ஆனால் .40-க்குச் சிறிய பிரைமர், 10 எம்எம்முக்குப் பொதுவாகப் பெரியது. அதனால் பிரைமர் பாகங்களும் மாறும்.

.45 ஏசிபியும் .45 கோல்ட்டும் பெயரில்தான் உறவு. டை வேறு, பிளேட் வேறு.

9 எம்எம் டையில் .380 செய்யலாமா? புல்லட் ஒண்ணுதானே?

புல்லட் குறுக்களவு ஒன்றுதான், .355. ஆனால் .380 என்பது 17 மில்லிமீட்டர் கேஸ், 9 எம்எம் 19. விளிம்பும் சிறியது. தனி செட், தனி பிளேட் வேண்டும்.

இதில் பெரிய தொல்லை, தரையில் பொறுக்கிய 9 எம்எம் கேஸ்களுக்கு நடுவே .380 ஒளிந்து வருவதுதான். 9 எம்எம் பிளேட்டில் அது லொடலொடவென்று உட்கார்ந்துகொள்ளும், ஆனால் நீளம் குறைவு என்பதால் வாய் விரியாது. ஃபனலில் பிடிமானம் வித்தியாசமாகத் தெரிந்தால் கைப்பிடியை நிறுத்துங்கள். அழுத்தி முடிக்கப் பார்க்காதீர்கள்.

டேப்பர் கிரிம்ப், ரோல் கிரிம்ப்: எது வாங்கணும்?

தோட்டா அறைக்குள் எதில் நிற்கிறது என்று கேளுங்கள். 9 எம்எம், .380, .40, .45 ஏசிபி எல்லாம் கேஸின் வாய் விளிம்பிலேயே நிற்பவை. வாயை உள்பக்கமாகச் சுருட்டிவிட்டால் நிற்க இடம் இல்லை. அதனால் இவற்றுக்கு டேப்பர் கிரிம்ப்: விரித்த வாயை நேராக்கினால் போதும், பிடித்து நசுக்க வேண்டாம். .38, .357, .44 போன்ற ரிவால்வர் தோட்டாக்களுக்கு அடியில் புடைத்த விளிம்பு இருக்கிறது, அதில் நிற்கும். அவற்றை ரோல் கிரிம்ப் செய்து, புல்லட்டில் உள்ள பள்ளத்தில் வாயைச் சுருட்டலாம். அப்படிச் செய்யாவிட்டால், பலமான தோட்டாவைச் சுடும் அதிர்ச்சியில் சிலிண்டரில் இருக்கும் மற்ற புல்லட்கள் முன்னால் நகர்ந்துவிடும்.

பழைய .45 ஏசிபி செட் சிலவற்றில் ரோல் கிரிம்ப் உள்ள சீட்டிங் டை வரும். பெட்டியிலேயே போட்டிருக்கும், படியுங்கள்.

சீட்டிங்கும் கிரிம்ப்பும் ஒரே டையில் முடிச்சா ஒரு இடம் மிச்சமாகுமே?

ஆகும். லீ ப்ரோ 1000 மாதிரி மூன்று இடம் உள்ளதில் வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த டையில் புல்லட் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மூடத் தொடங்கும். ஈயப் புல்லட்டாக இருந்தால் வாய் விளிம்பு அதைச் சீவி எடுத்துவிடும். கேஸ்களின் நீளம் கொஞ்சம் முன்பின் இருந்தால் கிரிம்ப்பும் முன்பின் ஆகும்.

நான்கு இடமோ அதற்கு மேலோ இருந்தால் பிரித்து வையுங்கள். சீட்டிங் டையை அரைத் திருப்பு மேலே தூக்கி அதன் கிரிம்ப்பைச் செயலற்றதாக்கிவிட்டு, உள்ளே இருக்கும் சீட்டிங் தண்டை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

அஞ்சு இடம் இருக்கு. பவுடர் செக் போடவா, புல்லட் ஃபீடர் போடவா?

ஐந்து ஸ்டேஷன் வைத்திருக்கிற எல்லாருக்கும் வரும் தலைவலி இது. 650 அல்லது 750-இல் வழக்கமான வரிசை: ஒன்றில் சைஸிங், இரண்டில் பிரைமரும் பவுடரும், மூன்றில் பவுடர் செக் (பவுடர் சரியாக விழுந்ததா என்று சோதிக்கும் டை), நான்கில் சீட்டிங், ஐந்தில் கிரிம்ப். கேஸின் வாயில் புல்லட்டைத் தானே வைக்கும் புல்லட் ஃபீடர் டை வேண்டுமென்றால் அது மூன்றாம் இடத்தைக் கேட்கும். அப்போது செக் போய்விடும், அல்லது முந்தைய கேள்வியில் சொன்ன மாதிரி சீட்டிங்கையும் கிரிம்ப்பையும் ஒன்றாக்க வேண்டும்.

என் தேர்வு பவுடர் செக். பவுடரே விழாத கேஸில் பிரைமரின் பலம் மட்டும் புல்லட்டைத் தள்ளி, அது குழலின் நடுவில் மாட்டும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். இரண்டு முறை விழுந்த கேஸ் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. டில்லனின் செக் பஸ்ஸர் அடிக்கும், ஆர்சிபிஎஸ்ஸின் லாக்அவுட் டை பிரஸ்ஸையே நிறுத்திவிடும். புல்லட்டைக் கையால் வைப்பதில் மணிக்குச் சில நூறு குறையும், அவ்வளவுதானே.

550 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது; நான்கும் நிரம்பிவிடும். ஆனால் 550-இல் பிளேட்டைக் கையால்தான் சுற்ற வேண்டும். போன் பேசிவிட்டு வந்து, சுற்றினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் கைப்பிடியை மறுபடி இழுத்தால் அதே கேஸில் இரண்டாவது முறை பவுடர் விழும். ஒவ்வொரு கேஸுக்குள்ளும் கண் பார்க்கும்படி விளக்கு வையுங்கள்.

ஒவ்வொரு காலிபருக்கும் தனி டூல் ஹெட் வாங்கணுமா?

550, 650, 750-இல் இரண்டு ஊசியை உருவினால் டூல் ஹெட் முழுசாக வெளியே வரும். டைகள் சரிசெய்த உயரத்திலேயே இருக்கும். இரண்டு காலிபருக்கு மேல் ஓட்டுகிறவர் தனி ஹெட் வாங்கிக்கொள்வது நல்லது. ஹார்னடியில் ஒவ்வொரு டையும் ஒரு புஷிங்கில் உட்காரும், புஷிங்கை ஒரு திருப்பில் கழற்றலாம். லீயின் ப்ரீச் லாக் புஷிங்கும் அதே யோசனைதான், ஆனால் ஒன்றின் புஷிங் மற்றதில் போகாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள்.

.223 ஆரம்பிக்கிறேன். கைத்துப்பாக்கி மாதிரியே ஒரே சுற்றில் முடியுமா?

முடியும், ஆனால் நிம்மதியாக முடியாது. மசகு கட்டாயம் என்று மேலே சொன்னேன். சைஸ் செய்யும்போது கேஸ் நீளும், அதை வெட்ட வேண்டியிருக்கும். ராணுவக் கேஸ்களில் பிரைமரைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். அதை நீக்காமல் புதிய பிரைமர் ஏறாது. 1050, 1100 வைத்திருப்பவர்களுக்கு அது பிரஸ்ஸிலேயே நடக்கும், மற்றவர்கள் தனியாகச் செய்ய வேண்டும். நான் இரண்டு டூல் ஹெட் வைத்திருக்கிறேன். முதல் ஹெட்டில் சைஸ் செய்து, இறக்கி, மசகைக் கழுவி, நீளம் பார்க்கிறேன். இரண்டாவதில் பிரைமர், பவுடர், புல்லட். அந்த இரண்டாவது ஹெட்டின் முதல் இடத்தில் பிரைமர் தள்ளும் ஊசி மட்டும் உள்ள டை இருக்கும். பிரைமரின் தீ பவுடருக்குப் போகும் ஃப்ளாஷ் துளையில் மாட்டிய குப்பையைத் தள்ளிவிடும்.

செமி-ஆட்டோ ரைஃபிளுக்கு ஸ்மால் பேஸ் டை வேண்டுமா என்று உடனே கேட்பார்கள். அது கேஸின் அடிப்பகுதியைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கும் டை. முதலில் சாதாரண டையில் பத்து கேஸ் செய்து, கேஸ் கேஜில் (அளவு சரியா என்று பார்க்கும் அச்சு) போட்டுப் பாருங்கள். சரளமாக இறங்கி, உங்கள் ரைஃபிள் அறையிலும் சிக்காமல் போனால் தேவையில்லை. வேறு துப்பாக்கிகளில் சுட்ட கேஸைப் பொறுக்கி வருகிறவர்களுக்கு அது உதவும்.

லீ ஃபேக்டரி கிரிம்ப் டை எல்லாத்தையும் சரிபண்ணிடும்னு சொல்றாங்க. வாங்கவா?

கைத்துப்பாக்கிக்கான ஃபேக்டரி கிரிம்ப் டையில் அடியில் ஒரு கார்பைடு வளையம் உண்டு. முடிந்த தோட்டாவை அது இன்னொருமுறை அளவுக்கு அழுத்தும். ஜாக்கெட் (செம்பு உறை) போட்ட புல்லட்டில் பாதகம் இல்லை. ஈயத்திலும் பூச்சு பூசிய புல்லட்டிலும்தான் கவனம் வேண்டும். அவை ஜாக்கெட் புல்லட்டைவிட ஆயிரத்தில் ஒரு அங்குலம் பெரிதாக, 9 எம்எம்மில் .356 என்று, இருக்கும். வளையம் கேஸையும் அழுத்தும், உள்ளே இருக்கும் மென்மையான ஈயத்தையும் அழுத்தும். பித்தளை கொஞ்சம் திரும்பி வரும், ஈயம் வராது. புல்லட் தளர்ந்து, சிறுத்து, குழலில் ஈயம் ஒட்டத் தொடங்கும். பிறகு பவுடரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வளையம் உரசுகிறது என்றால் அதற்கு முந்தைய டைகளில் ஏதோ சரியில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ரைஃபிளுக்கு அதே பெயரில் விற்பது வேறு பொருள், பக்கவாட்டில் பிடிக்கும் காலெட். அதைப் பற்றி இந்தக் குறை இல்லை.

ஒத்தை கேஸ் வெச்சு எல்லா டையும் அட்ஜஸ்ட் பண்ணினேன். ஓட ஆரம்பிச்சதும் நீளம் மாறுது. டை பொருந்தலையா?

டை பொருந்துகிறது. ஒற்றைக் கேஸில் டூல் ஹெட் ஒரு பக்கம் மட்டும் மேலே தள்ளப்படும். எல்லா ஸ்டேஷனும் நிரம்பியதும் சுமை பரவி, ஹெட்டும் பிளேட்டும் வேறு நிலையில் நிற்கும். தோராயமாக ஒற்றைக் கேஸில் வைத்துவிட்டு, கடைசித் திருத்தத்தை எல்லா இடமும் நிரம்பிய நிலையில் செய்யுங்கள். லாக் ரிங்கை இறுக்கும்போதும் சைஸிங் டைக்குள் கேஸ் இருக்கும்படி கைப்பிடியைக் கீழே பிடித்துக்கொண்டே இறுக்கினால் டை நடுவில் நிற்கும்.

அப்படியும் மாறினால் சீட்டிங் தண்டின் முனை உங்கள் புல்லட் மூக்கின் வடிவத்துக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். தட்டை மூக்குப் புல்லட்டை உருண்டை முனைத் தண்டால் தள்ளினால் நீளமும் மாறும், புல்லட்டும் சாயும். பல செட்களில் இரண்டு தண்டும் வரும். டில்லன் சீட்டிங் டையில் முனையைக் கழற்றித் துடைத்து மாட்டினாலும் உயரம் மாறாது என்பதற்காகவே நான் அந்த ஒரு டையை மட்டும் எல்லா காலிபரிலும் அவர்களிடம் வாங்குகிறேன், மீதியெல்லாம் கலப்படம்தான்.

கராஜ் சேலில் பழைய ஆர்சிபிஎஸ் டை பத்து டாலருக்குக் கிடைச்சது. நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். எஃகு டை எளிதில் சாகாது. (ஆர்சிபிஎஸ் என்பது ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்பதன் சுருக்கம். ராக் சக் என்பது ஒரு மலை அணில் இனம். அதைச் சுடுவதற்கான புல்லட்டை அழுத்திச் செய்யும் டைதான் அந்தக் கம்பெனியின் ஆரம்பம்.) உட்புறத்தில் துருப்புள்ளியோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். கீறல் இருந்தால் ஒவ்வொரு கேஸிலும் அதே கோடு விழும். பிரைமர் ஊசி வளைந்திருந்தால் அதை மட்டும் வாங்கி மாற்றலாம். கார்பைடு டை என்றால் வளையத்தில் முடிபோன்ற விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். விரிசல் இருந்தால் பத்து டாலரும் தண்டம்.

பழைய பெட்டியில் வந்த டைகள் அந்தப் பெட்டிக்கே உரியவைதானா என்றும் பாருங்கள். ஒவ்வொரு டையின் தலையிலும் காலிபர் பொறித்திருக்கும். .38 பெட்டிக்குள் .30 கார்பைன் சைஸிங் டையை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் ஊருக்கே திரும்பறேன். பிரஸ்ஸையும் டையையும் கொண்டுபோய் அங்கே ஓட்டலாமா?

கூடாது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் வேண்டும். பவுடர் எவ்வளவு வீட்டில் வைக்கலாம் என்பதில் உள்ளூர் விதிகள் உண்டு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஐந்தாம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதையே தடைசெய்கிறது. சுட்டுப் பழக லைசென்ஸ் வைத்திருப்பது தயாரிக்கும் உரிமம் ஆகாது. கிளம்புவதற்கு முன் இங்கேயே விற்றுவிடுங்கள், நல்ல டைக்கு எப்போதும் ஆள் உண்டு.

இன்னொன்று. சுடுதளத்துக்கு எடுத்துப்போன பையையே ஊர்ப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள். மூலையில் கிடந்த ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்தாலும் விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்குதான். வேறு பை இல்லையென்றால், தையல் ஓரங்கள் வரை தலைகீழாக உதறிவிட்டு அடுக்குங்கள்.